வாங்கும் நாட்டின் கதவைத் தட்டுவது எப்படி? ஏற்றுமதி ஆலைகளின் உரிமை மீறல்களுக்கு ஒரு முறையீட்டு வழிகாட்டி

2022 ஜூலை 29 அன்று அமெரிக்கச் சுங்கத்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் இயங்கும் நாச்சி அப்பேரல் என்ற ஆலையில் தைத்த ஆடைகள் அமெரிக்காவின் எந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினாலும் அவற்றை விடுவிக்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அந்த ஆணை. அங்கே கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கிடைத்த தகவலை அத்துறை காரணமாகக் காட்டியது. செப்டம்பர் 7 அன்று அதே துறை அந்த ஆலையின் சரக்கை மறுபடி அனுமதித்தது. ஆணைக்கும் அனுமதிக்கும் இடையே 40 நாள்தான். இத்தகைய தடைகள் பல ஆண்டுகள் நீடிப்பது வழக்கம் என்பதால், இது இவ்வளவு விரைவில் நீங்கியது ஏன் என்று கேட்பது பயனுள்ளது.

அதற்கான விடை அந்த ஆணைக்கு முன்பே தொடங்கியிருந்தது. 2021 ஜனவரியில் அந்த ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அதன்பின் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டி.டி.சி.யூ. தொழிற்சங்கம் உள்ளூரில் போராடியது, வெளிநாட்டுக் கூட்டாளி அமைப்புகளின் துணையுடன் ஆடை வாங்கும் நிறுவனங்களிடமும் பேசியது. 2022 ஏப்ரல் தொடங்கி, சங்கம், ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகியவை, ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இயங்கும் தொழிலாளர் அமைப்புகள் என எல்லாத் தரப்பும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. சுங்கத்துறை ஆணையிட்டபோது ஆலைத் தளத்தில் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள், புகாரை விசாரிக்க ஓர் ஏற்பாடு இருந்தது, நிலைமை மாறியிருக்கிறது என்று காட்டச் சான்று இருந்தது. தடையும் நீங்கியது, வேலையும் போகவில்லை.

திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு, கரூர், கோவை வட்டாரத்தில் தொழிற்சங்கப் பணி செய்பவர்கள், களப்பணியாளர்கள், தொழிலாளர் சட்டம் படிக்கும் மாணவர்கள், மகளைப் பஞ்சாலை விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கவலையோடிருக்கும் பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இலங்கையின் ஆடை ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பிடிமானம் எங்கே இருக்கிறது

உலக வணிக அமைப்பிடம் முறையிடலாமே என்று பலர் முதலில் கேட்பார்கள். அந்தக் கதவு திறக்காது. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய அதன் அமைச்சர்கள் மாநாடு, தொழிலாளர் தரங்களைக் கவனிக்கத் தகுந்த அமைப்பு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புதான் என்று அறிவித்து, அந்தத் தரங்களை உள்நாட்டுச் சந்தையைக் காக்கும் கருவியாகப் பயன்படுத்துவதையும் நிராகரித்தது. இந்தியா உட்பட வளரும் நாடுகள் பலவும் அப்படித்தான் வாதிட்டன. பணக்கார நாடுகள் தங்கள் ஆலைகளைக் காப்பாற்ற நம் தொழிலாளரின் துயரத்தைச் சாக்காக்கிவிடும் என்ற அவர்களின் அச்சம் வெறும் கற்பனை இல்லை. எனினும் அந்த முடிவின் பலனாக, தனியொரு தொழிலாளியோ சங்கமோ அங்கே போய் நிற்க வழி இல்லாமல் போயிற்று.

ஆகவே வணிகமும் உரிமையும் வேறு இடங்களில்தான் முடிச்சிடப்பட்டிருக்கின்றன. சரக்கை வாங்கும் நாட்டின் சுங்கச் சட்டம், வாங்கும் நிறுவனத்தின் மீது அதன் சொந்த நாடு விதிக்கும் பொறுப்பு, ஓர் அரசுக்குக் கொடுக்கும் தீர்வைச் சலுகையில் சேர்த்த நிபந்தனை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முறையீட்டுக் குழுக்கள், ஆலைக்கோ அணைக்கோ கடன் கொடுத்த வங்கியின் குறைதீர்ப்பு ஏற்பாடு ஆகியவையே அந்த முடிச்சுகள். எதை அவிழ்க்கலாம் என்பது உங்கள் ஆலையின் சரக்கு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் வேலை சட்டம் படிப்பதன்று, சரக்கைப் பின்தொடர்வது.

சரக்கு போகும் வழியைக் கண்டுபிடியுங்கள்

டாக்காவுக்கு அருகே 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கே தங்கள் ஆடை தைக்கப்படவில்லை என்று சொல்ல முயன்ற நிறுவனங்கள் இருந்தன. செயற்பாட்டாளர்கள் இடிபாடுகளில் தேடி எடுத்த லேபிள்களும் ஆர்டர் காகிதங்களும்தான் அந்த மறுப்பை உடைத்தன. அந்த லேபிள் உங்கள் மேசையில் தினமும் புரண்டுகொண்டிருக்கிறது.

ஒரு கூட்டத்தில், பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் தன் டிபன் பைக்குள்ளிருந்து கசங்கிய ஒரு லேபிளை எடுத்து நீட்டினார். கழிவுத் துணியோடு பெருக்கித் தள்ளப்பட்டது அது. ஒரு பக்கத்தில் துவைக்கும் முறை. மறுபக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் அளவில், ‘ஆர்.என்.’ என்ற இரண்டு எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும். அமெரிக்கச் சந்தைக்குப் போகும் ஆடைகளில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக அச்சிடப்படும் பதிவு எண் அது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது என்று கட்டணமின்றித் தெரிந்துவிடும். கனடாவுக்குப் போகும் ஆடையில் ‘சி.ஏ.’ என்று தொடங்கும் எண் இருக்கலாம். மூன்று ஆண்டு அந்த லேபிளைக் கையால் தொட்டுக்கொண்டிருந்தும் அது எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அந்தப் பெண் சொன்னார். அங்கிருந்த எங்களிலும் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

லேபிளோடு வேறு சிலவற்றையும் கவனியுங்கள். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஆர்டர் எண்ணும் ஸ்டைல் எண்ணும் சேரும் துறைமுகத்தின் பெயரும் ஒட்டப்பட்டிருக்கும். எந்தத் தேதியில் எந்த பையரின் ஆடிட் நடந்தது என்பது தொழிலாளர்களுக்கு நன்றாக நினைவிருக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தான் கழிவறையில் சோப்பு வைக்கப்பட்டிருக்கும். பெரிய நிறுவனங்கள் பல, தமக்குத் துணி தைக்கும் ஆலைகளின் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றன. ஓப்பன் சப்ளை ஹப் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஆலையின் பெயரையோ ஊரையோ இட்டுத் தேடினால், எந்த நிறுவனங்கள் அந்த ஆலையைத் தம் பட்டியலில் காட்டியுள்ளன என்று பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளாகாது. துணை ஒப்பந்தத்துக்குப் போகும் வேலை பட்டியலில் ஏறுவதில்லை.

நூற்பாலைக்கு இந்த வேலை கடினம். அங்கே ஆடையும் இல்லை, லேபிளும் இல்லை. கோனில் ஒட்டிய நூல் எண், லாட் எண், லாரி ஏறும் முன் எழுதப்படும் டெலிவரி சலானில் உள்ள பெயர் ஆகியவற்றிலிருந்து, நூல் எந்த நிட்டிங் யூனிட்டுக்கும் எந்தச் சாயப்பட்டறைக்கும் எந்த ஏற்றுமதி நிறுவனத்துக்கும் போகிறது என்று படிப்படியாகத்தான் போக முடியும். சிரமப்பட்டாவது போங்கள். அமெரிக்கச் சட்டம் முழுமையாகவோ பகுதியாகவோ கட்டாய உழைப்பில் உருவான பொருள் என்றே சொல்கிறது. ஆகவே சட்டையைத் தைத்த ஆலை நேர்மையாக இருந்தாலும் நூலை நூற்ற இடத்தில் நடந்த கொடுமையும் அந்தச் சட்டத்துக்குள் வரும்.

ஒரு எச்சரிக்கை: கணக்குப் பிரிவின் கோப்புகளையோ மேலாளரின் கணினியையோ தொடாதீர்கள். அது தொழிலாளியைத் திருட்டு வழக்கில் மாட்டிவிடும். தன் வேலையின் போக்கில் கண்ணில் படுவதைக் குறித்துக்கொள்வதே போதும்.

வாக்குமூலத்தைத் தேதியோடு எழுதுங்கள்

“அங்கே ரொம்பக் கொடுமை நடக்குது” என்ற வாக்கியத்தை வைத்து எந்த அதிகாரியும் எதையும் செய்ய முடியாது. “2023 நவம்பர் இரண்டாம் வாரத்தில், தீபாவளிக்கு ஊருக்குப் போக அனுமதி கேட்டபோது விடுதிக் காப்பாளர் ஆதார் அட்டையைத் திருப்பித் தர மறுத்தார், அப்போது அறையில் என்னோடு மூன்று பேர் இருந்தார்கள்” என்ற வாக்கியத்தை வைத்து ஒரு விசாரணையே தொடங்கலாம்.

கட்டாய உழைப்பு என்றால் என்ன என்பதற்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு 29-ஆம் உடன்படிக்கை தரும் வரையறையே இன்றும் எல்லாச் சட்டங்களுக்கும் அடிப்படை: தண்டனை எதையாவது காட்டி அச்சுறுத்தி, விருப்பமில்லாத ஒருவரிடமிருந்து பெறும் வேலை. இதைக் களத்தில் அடையாளம் காண அதே அமைப்பு 11 அறிகுறிகளை வகுத்துள்ளது. ஆதரவற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது, ஏமாற்றி அழைத்துவருவது, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது, வெளித்தொடர்பு இல்லாமல் ஒதுக்கிவைப்பது, உடல் மற்றும் பாலியல் வன்முறை, மிரட்டல், அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பது, கூலியை நிறுத்திவைப்பது, கடனில் பிணைப்பது, மோசமான வேலை மற்றும் தங்குமிடச் சூழல், அளவுமீறிய மிகைநேர வேலை ஆகியவை அவை. அமெரிக்கச் சுங்கத்துறையும் இந்த அறிகுறிகளின்படியே தகவலை எடைபோடுகிறது. ஆகவே ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதும்போது அது எந்த அறிகுறியைச் சேர்ந்தது என்று ஓரத்தில் குறியுங்கள்.

நம் பகுதியில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு வேலை செய்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பெண்களைச் சேர்ப்பது. இடையில் விலகினால் அந்தத் தொகை கிடைக்காது என்பது. விடுதியை விட்டுத் தனியாக வெளியே போக முடியாது என்பது. கூலி நிறுத்தம், நடமாட்டக் கட்டுப்பாடு, ஒதுக்கிவைப்பு என மூன்று அறிகுறிகள் ஒரே திட்டத்துக்குள் இருந்தன. பெயர் மாறிய பின்னும் இந்த மூன்றும் எங்கே தொடர்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். பெற்றோரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள் என்ற பதிலைக் கேட்டுத் தளர வேண்டாம். சேரும்போது இருந்த சம்மதம், விலக முடியாமல் வைத்திருப்பதை நியாயமாக்காது.

இந்தியச் சட்டத்தின் துணையும் உங்களுக்கு உண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. மாவட்ட ஆட்சியர், தொழிலாளர் துறை, பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு அல்லது மாவட்டக் குழு ஆகிய உள்ளூர் வழிகளில் முறையிட்டு, மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளூரில் நியாயம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கிடைக்காவிட்டால், கேட்டும் கிடைக்கவில்லை என்பதற்கு அந்தச் சீட்டு சான்றாகும்.

வாக்குமூலம் தருபவரின் பாதுகாப்பைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். பெயரை ஒரு நோட்டிலும் வாக்குமூலத்தை வேறொரு நோட்டிலும் எழுதி, இரண்டையும் ஓர் எண்ணால் மட்டும் இணைத்து, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எதையும் பகிராதீர்கள். இது எந்த நாட்டுக்கு, யாருடைய கைக்குப் போகும், அதனால் ஆலைக்கு ஆர்டர் குறையும் வாய்ப்பு உண்டா என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட்டு, பிறகு சம்மதம் கேளுங்கள். நாளை அவர் வேண்டாம் என்றால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். ஒரு பெண்ணின் வாழ்வைப் பணயம் வைத்து வெல்லும் வழக்கை நான் வெற்றியாக நினைப்பதில்லை.

எந்தக் கதவு

சரக்கு அமெரிக்காவுக்குப் போகிறதென்றால் 1930-ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு உங்கள் முதல் வழி. கட்டாய உழைப்பில் உருவான பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று அது பழைய காலத்திலேயே சொன்னது. ஆனால் உள்நாட்டுத் தேவைக்குப் போதிய அளவு அமெரிக்காவில் உற்பத்தியாகாத பொருளுக்கு விலக்கு இருந்ததால் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தது. 2016-இல் அந்த விலக்கு நீக்கப்பட்ட பிறகுதான் சட்டத்துக்கு உயிர் வந்தது. சுங்கத்துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும், பெயர் சொல்லாமலும், தகவல் தரலாம். முழு நிரூபணம் தேவையில்லை. தகவல் நியாயமாக அதைச் சுட்டினாலே சரக்கை நிறுத்தும் ஆணை பிறப்பிக்கலாம். அதன்பின் தன் சரக்கு தூய்மையானது என்று காட்டும் பொறுப்பு இறக்குமதியாளருக்கு மாறுகிறது. இந்தப் பொறுப்பு மாற்றம்தான் இதன் பலம். பெயரில்லாத ஏழைப் பெண் ஒருத்தி, தான் அடைத்துவைக்கப்பட்டதை நீதிமன்றத்தில் ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை. கோடிகளில் வணிகம் செய்பவர், அவ்வாறு நடக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியமும் இதுபோன்ற ஒரு தடையைச் சட்டமாக்கியுள்ளது. 2024 டிசம்பரில் சட்டமான அந்த ஒழுங்குமுறை, 2027 டிசம்பர் 14 முதல் சந்தையில் செயல்படும். அமெரிக்க முறையைப் போலன்றி, அங்கே நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் விசாரிக்கும் அதிகாரியிடமே இருக்கிறது. ஆகவே நீங்கள் தரும் ஆவணம் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும்.

ஜெர்மானிய நிறுவனம் வாங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் அங்கே விநியோகச் சங்கிலிச் சட்டம் நடப்பிலுள்ளது. 2024 முதல் குறைந்தது 1,000 பணியாளர் உள்ள நிறுவனங்கள் அதற்குள் வருகின்றன. அந்த நிறுவனங்கள் புகார் பெறும் வழி ஒன்றை வைத்தாக வேண்டும்; நேரடியாகச் சரக்குத் தரும் ஆலை மட்டுமல்ல, அதற்கும் கீழே உள்ள நூற்பாலைத் தொழிலாளியும் அதில் புகார் செய்யலாம். நிறுவனம் அசையாவிட்டால் பாதிக்கப்பட்டவர் பாஃபா என்ற அரசு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பிரான்சில் 2017 முதல் பெரிய நிறுவனங்களுக்கு விழிப்புக் கடமைச் சட்டம் உண்டு. ஐரோப்பா முழுமைக்கும் 2024-இல் வந்த இத்தகைய பொதுச் சட்டமோ நடைமுறைக்கு வருமுன்னரே தள்ளிவைக்கப்பட்டுத் தளர்த்தவும் பட்டிருக்கிறது. தொழில் நிறுவனங்களின் அழுத்தத்துக்கு அங்குள்ள அரசுகள் இவ்வளவு எளிதில் வளைந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மனு எழுதும் நாளில் சட்டம் எந்த வடிவில் இருக்கிறது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகள் இன்னொரு வழி. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை. ஆனால் ஸ்வீடனோ நெதர்லாந்தோ பிரிட்டனோ சேர்ந்திருப்பதால், அந்த நாட்டு நிறுவனத்தின் மீது அந்த நாட்டின் தேசியத் தொடர்பு மையத்தில் மனு கொடுக்கலாம். அங்கே கிடைப்பது தீர்ப்பு அன்று, நடுவர் ஒருவர் முன்னிலையில் பேச்சுவார்த்தை. நிறுவனம் வர மறுத்தாலும் மையம் இறுதி அறிக்கை வெளியிடும். மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் அவசரத்துக்கு இது உதவாது. சங்கத்தை அங்கீகரிக்க வைப்பது போன்ற, பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்களுக்கு உதவும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்குத் தனியொருவர் மனு அனுப்ப முடியாது. தொழிற்சங்கம்தான் அனுப்ப வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை குறித்த 87, 98-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இருந்தாலும் அந்த அமைப்பில் உறுப்பினராக இருப்பதாலேயே, 1951 முதல் இயங்கும் சங்க உரிமைக் குழுவில் இந்தியா மீதும் புகார் செய்யலாம். இங்கே பதில் சொல்வது ஆலை முதலாளி அல்ல, அரசு. சங்கம் பதிவுசெய்ய மறுப்பு, தலைவர்கள் மீது பொய்வழக்கு போன்றவற்றுக்கு இதுவே சரியான இடம். காகித அமைப்பு என்று இதை ஒதுக்குபவர்களுக்கு கத்தாரை நினைவூட்ட வேண்டும். 2014-இல் தொழிலாளர் பிரதிநிதிகள் அந்நாட்டின் மீது கொடுத்த புகார், 2017-இல் சீர்திருத்த உடன்பாட்டோடு முடிக்கப்பட்டது. 2020-இல், வேலை மாற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டு, குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது. நடைமுறையில் குறைகள் இருக்கின்றன. ஆனாலும் வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த விதி எவ்வளவு பெரிய சங்கிலியாக இருந்தது என்பது அவர்கள் குடும்பங்களுக்குத் தெரியும்.

கடைசியாகக் கடன் கொடுத்தவர். ஆலையோ மின்நிலையமோ உலக வங்கிக் குழுமத்தின் பணத்தில் எழுந்திருந்தால் அந்தக் குழுமத்திடமே முறையிடலாம். நர்மதை அணைக்கு எதிரான மக்கள் போராட்டத்தின் அழுத்தத்தில்தான் 1993-இல் உலக வங்கி தனக்கென ஆய்வுக் குழுவை அமைத்தது. தனியார் துறைக் கடன்களுக்கு 1999 முதல் சி.ஏ.ஓ. என்ற குறைதீர்ப்பு அலுவலகம் உண்டு. குஜராத்தின் முந்த்ரா மீனவர்கள் அங்கே முறையிட்டார்கள், கடன் கொடுத்த நிறுவனம் தன் கடமையில் தவறியதாக அந்த அலுவலகமே கண்டறிந்தது. பின்னர் அவர்கள் தொடுத்த வழக்கில் 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய அமைப்புகளுக்கு முழுமையான வழக்கு விலக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. வேறு காரணங்களால் வழக்கு பிறகு தள்ளுபடியானது. மீனவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என்ன கேட்கிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

மனுக்களில் பெரும்பாலும் தவறிப்போவது இந்தப் பகுதிதான். என்ன நடந்தது என்று பத்துப் பக்கம் எழுதுவார்கள். என்ன வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. வெறுமனே “நடவடிக்கை எடுங்கள்” என்று எழுதினால், வாங்கும் நிறுவனம் தனக்கு எளிதான நடவடிக்கையை எடுத்துக்கொள்ளும். ஆர்டரை ரத்து செய்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடும். அதன் பெயர் கெடாது. இங்கே 2,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

இலங்கையின் அனுபவத்தை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகை தருகிறது. 2005 முதல் அதைப் பெற்றுவந்த இலங்கை, குடிசார் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளை முறையாகச் செயல்படுத்தவில்லை என்று ஒன்றியத்தின் விசாரணை 2009 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று சலுகை நிறுத்தப்பட்டது. தீர்வையின்றிப் போன ஆடைக்கு அதன்பின் சுமார் 9.6 விழுக்காடு தீர்வை. 2017 மே 19 அன்றுதான் அது திரும்பக் கிடைத்தது.

போரின் இறுதியில் தமிழ் மக்களுக்கு நடந்தவற்றுக்காக ஒரு அரசு கணக்குக் கேட்கப்பட்டது நியாயமே. வணிகத்தின் மூலமாவது யாரோ கேட்டார்களே என்று ஆறுதலடைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த ஏழாண்டுச் சுமையில் ஒரு பங்கு, முடிவெடுத்தவர்கள் மீதன்றி, கட்டுநாயக்க போன்ற ஏற்றுமதி வலயங்களில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண்கள் மீது விழுந்தது. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மறுபடி ஆராயச் சொன்னது. சலுகை உடனே பறிக்கப்படவில்லை. ஆனால் 1979-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றிக் கொழும்பு பேசத் தொடங்கியது. 2022-இல் நிறைவேறிய திருத்தம் போதாது என்பதே என் கருத்தும். எனினும் சலுகையைப் பறிக்கும் தருணத்தைவிட, பறிபோகலாம் என்ற நிலையில்தான் பேரம் பேச அதிக இடம் இருக்கிறது. கண்காணிப்புக் குழு கொழும்பு வரும்போது சங்கங்களும் குடிமக்கள் அமைப்புகளும் அதைச் சந்தித்து எழுத்தில் தகவல் தரலாம். குறிப்பிட்ட கைதிகளின் விடுதலை, குறிப்பிட்ட சட்டப் பிரிவின் நீக்கம், வலயங்களில் சங்கம் அமைக்கத் தடையின்மை எனத் தேதியிட்ட கோரிக்கைகளாகக் கேளுங்கள்.

ஆலை அளவிலும் அதே முறைதான். உங்கள் மனுவின் கடைசிப் பக்கத்தில், முதலில், ஆர்டரைக் குறைக்கக் கூடாது, சீர்செய்யும் காலம் முழுவதும் தொடர வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்து, நிலுவைத் தொகையை ஆள்வாரியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள்: மிகைநேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி, பிடித்துவைத்த தொகை, விடுதிக்கெனக் கழித்த பணம். பிறகு, பணிநீக்கம் செய்யப்பட்டவரைத் திரும்ப எடுப்பது, பெயர் சொல்லப்பட்ட மேற்பார்வையாளரை விசாரணை முடியும்வரை அந்தத் தளத்திலிருந்து விலக்குவது, ஆதார் அட்டைகளை ஒரே நாளில் திருப்பித் தருவது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும் நிறுவனமும் கையெழுத்திடும், மீறினால் சட்டப்படி அமல்படுத்தக்கூடிய ஒப்பந்தம்.

இந்தக் கடைசிக் கோரிக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள். நன்னடத்தை விதி, சான்றிதழ், தனியார் ஆடிட் எதுவும் அதற்கு மாற்று ஆகாது. ஆடிட்டர் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படும். அவருக்குக் கூலி கொடுப்பது ஆலையோ நிறுவனமோதான். ராணா பிளாசாவுக்குப் பின், ஆலைக் கட்டடங்களின் பாதுகாப்புக்காக வந்த வங்கதேச ஒப்பந்தம் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சட்டப்படி கட்டியது. அதை மீறியதாகப் புகாருக்கு உள்ளான ஒரு நிறுவனம், தி ஹேக் நகரின் நடுவர் மன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது 2018-இல் 23 லட்சம் டாலர் தருவதாகச் சமரசம் செய்துகொண்டது. எந்த ஆடிட் அறிக்கையும் ஒரு நிறுவனத்திடமிருந்து அப்படிப் பணம் வாங்கித் தந்ததில்லை. திண்டுக்கல் ஒப்பந்தமும் அந்த வழியில் வந்ததே. அதோடு, பாலினமும் சாதியும் சேர்ந்து எப்படி வன்முறையாகின்றன என்பதை அது வெளிப்படையாகப் பேசியது. இந்தச் சொற்களை உங்கள் மனுவிலும் மறைக்காமல் எழுதுங்கள். சாதியைச் சொல்லாத மனு, ஒரு தலித் பெண் தொழிலாளி ஏன் புகார் செய்யவே அஞ்சுகிறாள் என்பதை ஜெனீவாவிலோ வாஷிங்டனிலோ இருப்பவருக்குப் புரியவைக்காது.

அனுப்பிய பிறகு

மனுவைத் தமிழில் முழுமையாக எழுதி முடித்துவிட்டு, பிறகு மொழிபெயருங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் தொழிலாளியின் சொல் போய், வழக்கறிஞரின் சொல் வந்துவிடும். மொழிபெயர்ப்பைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, வாக்குமூலம் தந்தவரிடமே சரிபாருங்கள். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், என்ன எண் கொடுத்தார்கள், எப்போது பதில் வந்தது என்று தனிப் பதிவேடு வையுங்கள். ஒரே மனுவை எல்லாக் கதவுகளுக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டாம். முதலில் வாங்கும் நிறுவனத்துக்குக் கெடு வைத்து எழுதி, அது கடந்த பிறகு அடுத்ததற்குப் போனால், பேச மறுத்தது யார் என்பது ஆவணத்திலேயே தெரியும். கொலை மிரட்டல், அடைத்துவைப்பு போன்ற அவசர நிலையில் இந்த வரிசை பொருந்தாது; அப்போது காவல்துறையும் ஆட்சியரும்தான் முதலில்.

வெளிநாட்டுக் கூட்டாளி அமைப்பு ஒன்று இல்லாமல் இது முடிவது அரிது. ஆனால் ஊடகத்துக்கு எப்போது பேசுவது, எந்தச் சமரசத்தை ஏற்பது என்ற இரண்டு முடிவுகளும் ஆலைத் தொழிலாளர்களிடமே இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் உடன்பட்டுக்கொள்ளுங்கள்.

தீர்வு கிடைத்த பின் முதல் மூன்று மாதம் மிக முக்கியம். புகார் கொடுத்தவர்களை இரவு ஷிப்ட்டுக்கு மாற்றுவது, பீஸ் ரேட் குறைவான வேலையைக் கொடுப்பது, விடுதி அறையை மாற்றித் தனிமைப்படுத்துவது போன்ற பழிவாங்கல்கள் அப்போதுதான் நடக்கும். வாரம் ஒருமுறை, ஆலைக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்திலோ யாராவது ஒருவர் வீட்டிலோ கூடி, சம்பளச் சீட்டையும் ஷிப்ட் அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலுவைத் தொகை ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று அதே பதிவேட்டில், வாக்குமூலத்துக்குக் கொடுத்த அதே எண்ணுக்கு எதிரே குறித்துக்கொண்டே வாருங்கள். குறையும் இடத்தில் அன்றைக்கே அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.